‘ஒரே முறை சுட்டது’ என்று விற்கப்படும் .308 கூடுகள்: வாங்கும் முன் உள்ளே பாருங்கள்

டெக்சாஸில் எஃப்-டி.ஆர். பிரிவில் (இருகால் தாங்கியோடு நீண்ட தூர இலக்கைச் சுடும் ரைஃபிள் போட்டி) சுடத் தொடங்கியிருக்கும் தமிழ் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வேறு எங்கே இருந்தாலும், ரைஃபிள் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவர் யாராக இருந்தாலும் படியுங்கள். பணம் போனது ஒரு பக்கம். முகத்துக்கு ஓரடி தூரத்தில் 60,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கவேண்டிய ஒரு பொருளில் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. தோட்டாவில் குண்டும் மருந்தும், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரும் ஒருமுறையோடு சரி. பித்தளைக் கூடு மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படும். சுட்டதும் அது துப்பாக்கியின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அளவுக்கு விரிந்துவிடும். அதை ‘டை’ என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்தி மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எஃப்-டி.ஆரில் .308 வின்செஸ்டர், .223 ரெமிங்டன் இரண்டுக்கு மட்டுமே அனுமதி என்பதால், எங்களில் பலர் .308-ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

போட்டிக்கு லாபுவா நிறுவனத்தின் பால்மா கூடுகள் வைத்திருக்கிறேன். அவை விலை அதிகம். பயிற்சிக்கு மலிவாக வேண்டும் என்று தேடியபோது இணையத்தில் ஒரு தனி விற்பனையாளர் கிடைத்தார். மிசௌரியின் லேக் சிட்டி ஆலையில் செய்த ராணுவக் கூடுகள் 500, ஒரே முறை சுட்டவை, ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி), சுத்தம் செய்து, அளவாக்கி, நீளம் வெட்டி, பிரைமர் குழி சரிசெய்து, அப்படியே நிரப்பலாம் என்று விளம்பரம். கூடவே அதே கூடுகளுக்குப் பொருத்திவைத்த புஷ்ஷிங் (கூட்டின் கழுத்தை அழுத்தும், மாற்றக்கூடிய வளையம்) டை செட், புதியது என்றார். எல்லாம் சேர்த்து சுமார் 400 டாலர். பணம் அனுப்பும் செயலியில் ‘நண்பர், குடும்பம்’ வகையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம், அதில் பாதியை உங்களுக்கே கழித்துத் தருகிறேன் என்றார். அந்த வகையில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. முன்பின் தெரியாத விற்பனையாளர் இப்படிக் கேட்டாலே பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்தது. கூடுகள் தங்கம் போலப் பளபளத்தன. நீளம் எல்லாம் 2.005 அங்குலம், ஒழுங்காக இருந்தது. ஆனால் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்த்தால் ஆண்டு எண் நாலைந்து விதம். ‘ஒரே லாட்’ என்பது அங்கேயே பொய்யாகிவிட்டது. பிரைமர் பொருத்தும்போது சில கூடுகளில் கைக்கு எதிர்ப்பே தெரியவில்லை. கேட்டதற்கு, “ராணுவக் கூட்டில் கிரிம்ப் எடுத்தால் அப்படித்தான் இருக்கும்” என்று பதில் வந்தது. அது தவறு. ராணுவத் தோட்டாவில் பிரைமர் நழுவாமலிருக்கக் குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பார்கள். அதை நீக்கும்போது விளிம்பு மட்டும்தான் திறக்க வேண்டும். அடிவரை குழி தளர்ந்திருந்தால், அந்தக் கூடு பலமுறை கடும் அழுத்தம் பார்த்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ கருவியை முரட்டுத்தனமாகப் போட்டு விரித்திருக்கிறார்கள். எதுவானாலும் அது கழிக்க வேண்டிய கூடு.

தளர்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் மிதமான மருந்தளவில் நிரப்பினேன். ராணுவக் கூட்டின் சுவர் பொதுவாகத் தடிமன், உள்ளிடம் குறைவு. மற்றக் கூட்டுக்கான அளவை அப்படியே போட்டால் அழுத்தம் ஏறிவிடும் என்பதால் கீழிருந்துதான் தொடங்கினேன். அப்படியிருந்தும் ரேஞ்சில் ஒரு வேட்டுக்குப் பிறகு போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) இழுத்தால் கூட்டின் அடிப்பகுதி மட்டும் அரை அங்குலத் துண்டாக வெளியே வந்தது. மிச்சக் கூடு சேம்பருக்குள்ளேயே சிக்கிவிட்டது. கண்ணாடி போட்டிருந்தேன், காயம் எதுவுமில்லை.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் உடைந்த பகுதியை எடுத்துக் கொடுத்தார். சேம்பரின் நீளத்தையும் கேஜ் என்கிற அளவுக் கட்டை வைத்துச் சோதித்தார். 1.630 அங்குல ‘கோ’ கேஜில் போல்ட் மூடியது, 1.634 ‘நோ-கோ’வில் மூடவில்லை. அதாவது என் துப்பாக்கியில் குறையில்லை. இதே சேம்பரில் என் லாபுவா கூடுகள் எத்தனையோ தடவை சுட்டும் ஒரு கோடு கூட விழவில்லை.

மீதிக் கூடுகளில் சிலவற்றை வீட்டில் நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். அடித்தடிப்பு முடிந்து சுவர் மெல்லியதாகும் இடத்தில், உள்ளே சுற்றிலும் பள்ளம். சிலதில் கண்ணுக்கே தெரிந்தது. சிலதில் நகம் மாட்டியது.

இது எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மோசடியும் புரியும். வெடித்த கணத்தில் கூட்டின் மெல்லிய முன்பகுதி சேம்பர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி பிடிக்காமல் பின்னால் போல்ட் முகம்வரை தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் இழுபட்டு மெலியும். அப்புறம் டையில் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அதிகமாகப் பின்னுக்குத் தள்ளினால், அடுத்த வேட்டில் அதே இடம் மறுபடி இழுபடும். இயந்திரத் துப்பாக்கிகளின் சேம்பர்கள் அழுக்கிலும் சூட்டிலும் தடையில்லாமல் ஓடுவதற்காகத் தாராளமாகவே வெட்டப்பட்டிருக்கும். அங்கே சுட்ட கூடு முதல் வேட்டிலேயே நிறைய நீண்டுவிடும். சந்தைக்கு வரும் 7.62 (.308-இன் ராணுவ வடிவம்) கூடுகளில் இப்படிப்பட்டவை கணிசம். மிசௌரியில் அதைச் செய்த ஆலையின் குற்றம் இதில் ஏதுமில்லை. பித்தளை நல்ல பித்தளைதான்.

மோசடியின் மையம் ‘அளவாக்கிக் கொடுக்கிறோம்’ என்ற அந்தச் சேவையில்தான் இருக்கிறது. சுட்டு வந்த நிலையில் ஒரு கூட்டை அளந்தால் அது எப்படிப்பட்ட சேம்பரில் இருந்தது என்று தோளின் இடமே சொல்லிவிடும். டையில் அழுத்தியதும் அந்தச் சாட்சி போய்விடுகிறது. நசுக்கிய விளிம்போடு பழைய பிரைமர் உள்ளேயே இருந்தால் அது ஆலையை விட்டு வந்தபின் ஒரே முறை சுட்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அதையும் பிடுங்கிவிட்டார்கள். ராணுவக் கூட்டின் கழுத்தில் ஆலையிலேயே சூடாக்கிப் பதமேற்றியபோது விழுந்த நீலமும் பழுப்புமான கறை இருக்கும். பளபளப்பாக்கியதில் அதுவும் போயிற்று. வாங்குபவர் வேலை மிச்சம் என்று நினைப்பார். விற்பவர் தடயத்தை அழித்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறார். ஆகவே ராணுவக் கூடு வாங்குவதாக இருந்தால் கழுவாத, பிரைமர் பிடுங்காத கூடாக வாங்குங்கள். அழுக்காக இருக்கட்டும், பரவாயில்லை.

வந்த கூட்டைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக மடக்கிக் கூர் தீட்டிக்கொள்ளுங்கள். கழுத்து வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழவழவென்று வரும். கெட்டதில் அடிக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நிற்கும். வெளியே அதே உயரத்தில் பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் டை அழுத்திய தடமும் சில நேரம் வெளியே வளையம் மாதிரித் தெரியும், அதனால் உள்ளே தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இப்போது அந்த டை. ‘புதியது’ என்ற டையின் உட்சுவரில் கீறல் இருந்தது. அதில் அழுத்திய கூடு ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் நீளக் கோடு விழுந்தது. உள்ளே இருந்த புஷ்ஷிங் 0.330 அங்குலம். இது இந்தக் கூட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது. கணக்கு எளிது: குண்டு 0.308, கழுத்துச் சுவர் இரு பக்கமும் 0.015 வீதம் என்றால் நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.338. அதிலிருந்து 0.002 கழித்தால் 0.336. அதுதான் வேண்டிய புஷ்ஷிங். 0.330 என்றால் கழுத்தை அளவுக்கு மீறி நெரித்து, பிறகு குண்டு நுழையும்போது மறுபடி விரிய வைக்கிறோம். கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கினால் என்ன ஆகுமோ அதுதான் கழுத்துக்கும்: பித்தளை இறுகும், விரிசல் விடும். குண்டும் நேராக உட்காராது. யாராவது புஷ்ஷிங்கோடு டை விற்றால், உங்கள் கூட்டில் உங்கள் குண்டை வைத்து நிரப்பிய தோட்டாவை அளந்து பார்த்த பிறகுதான் அதை நம்புங்கள்.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் டையைப் பழையதாக வாங்கவே வேண்டாம். ரெட்டிங்கின் புஷ்ஷிங் டையோ ஃபார்ஸ்டரின் முழுநீள டையோ போதும். ஃபார்ஸ்டரிடம் கழுத்து அளவைச் சொல்லி டையைக் கடைந்து தரச் சொல்லலாம். ஒரே வகைக் கூட்டைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு அது மிக நல்ல வழி. பால்மா கூடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அதன் தீத்துளை (பிரைமரின் தீ மருந்துக்குப் போகும் துளை) வழக்கமான 0.080 அங்குலம் இல்லை, 0.059 தான். டையோடு வரும், பழைய பிரைமரைத் தள்ளும் சாதாரண ஊசி அதில் சிக்கி உடையும், மெல்லிய ஊசி தனியாக வாங்க வேண்டும்.

எந்த டையாக இருந்தாலும் கூட்டின் ஆயுள் அதைத் திருகி நிறுத்தும் உயரத்தில்தான் இருக்கிறது. டையை, கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல்ஹோல்டரில் முட்டும்வரை இறக்கு என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் தோள் எவ்வளவு போகிறது என்றே தெரியாது. உங்கள் சேம்பரில் சுட்ட கூட்டின் பிரைமரை எடுத்துவிட்டு, காலிப்பரில் கம்பேரட்டர் (தோளில் உட்காரும் துணைக்கருவி) மாட்டித் தோள்வரை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து 0.002 அங்குலம் மட்டும் குறையும்படி டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கழுத்தை மட்டும் அழுத்தும் பழைய பழக்கத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது, போல்ட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மூடும். கழுத்துக்கும் தோளுக்கும் அவ்வப்போது பதமேற்றுங்கள். அடிப்பகுதிக்கு ஒருபோதும் சூடு போகக் கூடாது, அது இளகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்காது. எத்தனை முறை சுட்டது என்பதைப் பெட்டியின் மேல் எழுதி, ஒரு பெட்டிக் கூட்டை இன்னொன்றோடு கலக்காமல் வையுங்கள்.

விற்பனையாளரிடம் அறுத்த கூடுகளின் படங்களையும் கேஜ் சோதனை விவரத்தையும் அனுப்பினேன். முதலில் “உங்கள் சேம்பர் நீளம்” என்றார். கேஜ் விவரத்தைப் படித்தபிறகு, “நிரப்பிய கூட்டைத் திரும்ப வாங்குவதில்லை” என்றார். நிரப்பாத கூடுகள் நிறைய மீதம் இருக்கின்றனவே என்றதற்குப் பதிலே இல்லை. பணம் வரவில்லை, இனி வரும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அதே வாசகங்களோடு விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அளவாக்கிப் பளபளப்பாக்கிய லேக் சிட்டி கூடுகளை அண்மையில் இப்படி யாரிடமாவது வாங்கியிருந்தால், நிரப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் கொக்கி வைத்துத் தடவிப் பாருங்கள். முத்திரை ஆண்டு ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு மூன்றை அறுத்தும் பாருங்கள். பள்ளம் இருப்பவற்றின் கழுத்தை இடுக்கியால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளைக்குப் போடுங்கள், அவை இன்னொருவர் பெட்டிக்குப் போகக் கூடாது.