மானிட்டர் பெட்டியைக் கடையில் திறந்தால் உள்ளே இருக்கும் கேபிள் மேல் ஒரு கண் வையுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் (ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் கோயம்புத்தூருக்குத்தான் பஸ் ஏறுகிறோம். கடைகள் அதிகம், விலையும் பேசி வாங்கலாம், பேச்சும் நம் பேச்சு. அப்படி ஒரு கடையில் என் அக்கா மகனை நன்றாக ஏமாற்றி அனுப்பினார்கள். கூடவே நானும் நின்றிருந்தேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்த வித்தை எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது, அதனால் பெயர் தெரியாததால் உங்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

பையன் கல்லூரியில் படிக்கிறான். கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுத்துச் சேர்த்த காசில் 27 இன்ச், 4கே, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாறும்) கேமிங் மானிட்டர் ஒன்று எடுத்தான். பணம் கட்டியதும் கவுன்ட்டரில் இருந்தவர், "டெட் பிக்சல் இருக்குதான்னு பாத்துக் குடுத்தர்றோங்ண்ணா" என்று பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். திரையில் செத்துப்போன புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல விஷயம்தான், வாங்குகிறவர்களே கேட்டுச் செய்யச் சொல்வார்கள். ஆனால் எங்கள் கண்ணெதிரே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி புது டேப் ஒட்டி வெளியே வந்தது.

"கேபிள் உள்ள இருக்குதுங்களா?" என்று பையன் கேட்டான்.

"பவர் அடாப்டர் இருக்குது தம்பி. வீடியோ கேபிள் கம்பெனிக்காரன் குடுக்கறதில்ல. சாதாக் கேபிள் இதுக்கு ஆகாது, 8கே கேபிள் போட்டாத்தான் 144 வரும்."

தங்க நிற எழுத்தில் '8கே', '48 ஜிபிபிஎஸ்', 'எச்டிஎம்ஐ 2.1' என்றெல்லாம் போட்ட பெட்டி ஒன்று மேசைக்கு வந்தது. (எச்டிஎம்ஐ என்பது படத்தை மானிட்டருக்கு அனுப்பும் இணைப்பு வகை, ஜிபிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை கிகாபிட் தரவு என்ற கணக்கு.) ஐந்து மீட்டர் நீளம், 2,400 ரூபாய். சிபியு மேசை மேல்தானே இருக்கும், ஐந்து மீட்டர் எதற்கு என்றால், "நீளமா இருந்தா எப்பவும் நல்லதுங்ண்ணா" என்றார். மானிட்டருக்கு ஒழுங்காக ஜிஎஸ்டி பில் போட்டவர், கேபிளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் 'எஸ்டிமேட்' எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு வந்த பதில்தான் நம் எல்லைப்புறத்துக்காரர்களுக்கென்றே செய்து வைத்தது: "உங்களுக்குக் கேரளா அட்ரஸுங்க. பில் போட்டா டாக்ஸ் ஜாஸ்தி வரும், செக்போஸ்ட்லயும் கேப்பாங்க."

இரண்டுமே பொய். கேபிளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தமிழ்நாட்டு முகவரியானாலும் கேரள முகவரியானாலும் மொத்த வரி அதேதான், பில்லில் அது பிரியும் விதம் மட்டும் மாறலாம். வணிகவரிச் செக்போஸ்ட்டை 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே எடுத்துவிட்டார்கள். இதைச் சொன்ன பிறகும் பில் போடும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிட்டது என்றார். பணத்தை யூபிஐயில் போட்டதால் கட்டியதற்கு ஆதாரமாவது மிஞ்சியது.

வீட்டில் மாட்டினால் 4கே, 60 ஹெர்ட்ஸில் படம் கண்ணாடி மாதிரி வந்தது. 144-க்கு மாற்றியதும் திரை கறுத்து, இரண்டு நொடியில் திரும்ப வந்து, மறுபடி கறுத்தது. இருட்டுக் காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மின்னின. கடைக்குப் போன் செய்தால் முதலில், "கேரளா கரண்ட்ல வோல்டேஜ் ஏத்த இறக்கமுங்க, அதான்" என்றார்கள். அடுத்த முறை கிராபிக்ஸ் கார்டு பழசு, புதுசு எடுங்கள் என்றார்கள். பையனிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060. அதில் எச்டிஎம்ஐ 2.1-ம் உண்டு, படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் 1.4ஏ-வும் உண்டு. அதற்குமேல் இந்த மானிட்டருக்கு எதுவும் தேவையில்லை.

60-இல் ஓடுவது 144-இல் ஏன் திணறுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 4கே என்றால் 3840 × 2160, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் வைத்து நொடிக்கு 60 முறை அனுப்பினால் சுமார் 12 கிகாபிட். 144 முறை அனுப்பினால் 28 கிகாபிட்டுக்கு மேல், படங்களுக்கு நடுவே விடும் இடைவெளி நேரத்தையும் சேர்த்தால் 30-ஐத் தாண்டும். எச்டிஎம்ஐ கேபிளில் வகைகள் உண்டு. பழைய 'ஹை ஸ்பீடு' வகை 10.2 கிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்டது, 'பிரீமியம் ஹை ஸ்பீடு' 18-க்கு, 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' 48-க்கு. கேபிளை இந்த வகைப் பெயரை வைத்துத்தான் வாங்க வேண்டும். 2.0, 2.1 என்ற எண்கள் கருவிகளுக்கானவை. கேபிள் பெட்டியில் அந்த எண்ணைப் போட்டு விற்கக் கூடாது என்பது எச்டிஎம்ஐ உரிமம் கொடுக்கிற அமைப்பின் விதியே. ஆகவே '2.1 கேபிள்' என்று கொட்டை எழுத்தில் பார்த்தாலே கொஞ்சம் உஷாராகிவிடலாம்.

பெட்டியை விட்டுவிட்டு கேபிளைப் பார்த்தோம். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறுப்பு உறையின் மேல், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற சாம்பல் நிறப் பொடி எழுத்து: 'ஹை ஸ்பீடு எச்டிஎம்ஐ கேபிள் வித் ஈதர்நெட்'. அவ்வளவுதான். 48 என்று தங்க எழுத்துப் போட்ட பெட்டிக்குள் 10.2 வகைக் கேபிள். 60 ஹெர்ட்ஸுக்கான 12-ஐ எப்படியோ இழுத்துவிட்டது, 30-க்கு மேல் முடியவில்லை. அசல் அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிளின் உறையிலேயே அந்தப் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், பெட்டியில் கியூஆர் குறியீட்டோடு ஒரு சான்று லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். அந்த லேபிளை எச்டிஎம்ஐ சான்றுச் செயலியில் ஸ்கேன் செய்தால் எந்தக் கேபிள், எவ்வளவு நீளம் என்று வரும். எங்கள் பெட்டியிலும் பளபளவென்று ஒரு லேபிள் இருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை, ஏனென்றால் அது ஒட்டியதே இல்லை, அட்டையில் அச்சடித்த படம்.

சித்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பையனின் நண்பன் தன்னுடைய டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கொண்டுவந்து மாட்டினான். 144 உடனே வந்தது, கறுப்படிக்கவே இல்லை. (டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் தரவுக்குக் கிடைப்பது 26 கிகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, மீதியை டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை பார்த்துக்கொள்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.) அப்புறம்தான் எல்லாவற்றையும் விட எரிச்சலூட்டிய விஷயம் வெளியே வந்தது. பெட்டியின் அடியில் மடித்துக் கிடந்த வழிகாட்டித் தாளில் உள்ளே என்னென்ன இருக்கும் என்று கம்பெனிக்காரன் படம் போட்டிருந்தான்: ஸ்டாண்டு, அடாப்டர், டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். தெர்மகோலில் அந்தக் கேபிளுக்கான குழி காலியாக இருந்தது. இலவசமாக வர வேண்டியதை உருவிக்கொண்டு, உதவாத ஒன்றை 2,400 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

கேட்டதற்கு, "சீல் பிரிக்கறப்பவே இல்லீங்க" என்றார்கள். சீலைப் பிரித்தது யார் என்றால் பதில் இல்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் ஒட்டியதைக் காட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகத்தில் சேரும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், திரும்ப வாங்கிக்கொள்ள 30 நாள் கணக்கு.

கேபிள் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, மேசை மேல் சிபியு வைத்திருந்தால் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் போதும். இந்த வேகத்தில் செம்புக் கம்பி நீள நீளச் சிக்னல் தேயும், மூன்று மீட்டரைத் தாண்டினால் சான்று உள்ள கேபிளாகத் தேடுங்கள். பத்து மீட்டர் வேண்டும் என்றால் ஒளியில் சிக்னல் அனுப்பும் ஆப்டிகல் கேபிள்தான், அதில் எந்த முனை மானிட்டருக்கு என்று எழுதியிருக்கும், மாற்றி மாட்டினால் படம் வராது. டிஸ்ப்ளேபோர்ட்டில், அதன் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்ற 'டிபி8கே' வகை இந்த மாதிரி மானிட்டருக்குத் தாராளம். ரொம்ப மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் 20-ஆம் பின்னை இரண்டு முனைக்கும் இணைத்துவிடுகிறார்கள். அதன் வழியாக மானிட்டரிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் திரும்பிப் போகும், கம்ப்யூட்டர் ஆன் ஆவதிலேயே தகராறு வரும். தங்க முலாம் பூசியிருந்தால் படம் கூடுதல் துல்லியமாக வரும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில், எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர்களுக்கும் அது தெரியும். ஆனால் அதே 2019 சட்டத்தில், வாங்கினவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று இருக்கிறது. எங்களுக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம், தமிழிலேயே பேசலாம். யூபிஐ ரசீது, துண்டுச் சீட்டு, உறை எழுத்தின் போட்டோ, காலிக் குழியின் போட்டோ எல்லாம் வைத்திருக்கிறோம்.

புகார் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு கடையிலிருந்து அவர்களே கூப்பிட்டு, கேபிள் பணம் 2,400-ஐத் திருப்பிப் போட்டார்கள். புகாரை வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். பெட்டியிலிருந்து போன டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் கைக்கு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று பையன் சொல்லியிருக்கிறான்.