வளவு வீட்டுக் கணக்கேடும் தேங்காய் நார்க் கயிறும்: சமூக அறிவியல் வகுப்பில் எது நிற்கிறது?

பயிற்சி முடிந்த மறுநாள் எல்லா முறையும் நன்றாகத்தான் இருக்கும். சார்ட் புதுசு, மார்க்கர் புதுசு, ஆசிரியருக்கும் உற்சாகம். ஆடிக் காற்று, காலாண்டுத் தேர்வு, ஐப்பசி மழை, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு எல்லாம் தாண்டி, தை மாதத்திலும் எது வகுப்பில் புழக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால்தான் ஒரு முறையின் தரம் தெரியும். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைச் சுற்றுவட்டாரத்தில் 8 முதல் 10 வரையிலான வகுப்புகளில் பல ஆண்டு புழங்கிய முறைகளைப் பற்றிய மதிப்பீடு இது. முதலிலேயே சொல்லிவிடலாம்: நின்றவற்றில் விலை கூடியது எதுவும் இல்லை. பழைய தாள் ஒன்றின் ஜெராக்ஸ்தான் எல்லாவற்றையும்விட நீடித்து உழைக்கிறது.

ஒரு தாள், ஒரு பாடவேளை

இந்தச் செட்டிநாட்டுப் பக்கம், முற்றம் வைத்த பெரிய வளவு வீடுகளில் தாளுக்குப் பஞ்சமில்லை. வட்டிக்கடைப் பேரேடு, வரவு செலவு நிலையைக் காட்டும் ஐந்தொகை, ரங்கூன் கடிதம், கடைக்கு ஆளாகப் போனவரின் சம்பளச்சீட்டு, கல்யாணத்தில் எழுதிய ஒப்பந்தமான இசைகுடிமானம், மொய் ஏடு என்று பெட்டிபெட்டியாகக் கிடக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் சேர்த்து வைத்தவை மட்டுமே 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு ஒரே ஒரு பக்கம் போதும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து, ஆள் பெயர்களை மறைத்துவிட்டுப் பிரிண்ட் போட வேண்டும். மூலத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரவே கூடாது. நேரடியாக ஜெராக்ஸ் போட்டால் பழுப்பேறிய தாளில் மங்கிய மை விழாது. படமெடுத்துக் கான்ட்ராஸ்டைக் கூட்டினால் விழும்.

45 நிமிடப் பாடவேளையில் அட்டெண்டன்ஸ் போக 38 நிமிடம் மிஞ்சும். 40 பேர் இருந்தால் ஐந்து ஐந்து பேராக எட்டுக் குழு, குழுவுக்கு இரண்டு படி, ஆக 16 படி. முதல் 5 நிமிடம் படிக்கக் கூடாது, பார்க்க மட்டும்: முத்திரை, அஞ்சல்தலை, மடிப்பு, கையெழுத்து எத்தனை பேருடையது. அடுத்த 8 நிமிடம் வாசிப்பு. பிறகு 15 நிமிடம் மூன்றே கேள்விகள். யார், யாருக்காக எழுதியது? அப்போது வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது? இதில் இருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர் யார்? கடைசி 10 நிமிடம் ஆளுக்கு ஐந்து வரி, தனித்தனியாக. குழுவாக எழுதச் சொன்னால் ஒருவர் எழுதுவார், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். இந்த 10 நிமிடத்தை மட்டும் வெட்டவே கூடாது. பத்தாம் வகுப்புத் தாளில் 100-க்கு 50 ஐந்து மதிப்பெண் வினாக்களில் இருக்கிறது. காரணம் சொல்லி எழுதும் கை இங்கேதான் பழகுகிறது.

முதல் தடவை வாசிப்பிலேயே சிக்கும். பக்கத்தின் தலையில் உள்ள பிள்ளையார் சுழியை "2" என்று படித்துவிட்டு, இது இரண்டாம் பக்கம் என்று முடிவுகட்டும் குழு ஒவ்வோர் ஆண்டும் ஒன்று உண்டு. தமிழ் எண்ணில் ௨ அப்படித்தானே இருக்கிறது, பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. அதேபோல ௧ 'க' ஆகும், ௮ 'அ' ஆகும், ௭ 'எ' ஆகும். பழைய கையெழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே தாளின் அடியிலேயே ஒரு சின்னச் சாவி அச்சடிக்க வேண்டும்: ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம், ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். ௩௱௨௰௫ என்பதை 325 என்று ஒரு தடவை பலகையில் பிரித்துக் காட்டினால் போதும், அதற்குப் பிறகு வகுப்பே விடுகதை போடுவதுபோலத் தானாக ஓடும். பின்னங்களில் கால், அரை, மாகாணி மட்டும் சொன்னால் போதும். ரூபாய்க்கு 16 அணா. மாகாணி என்பது 16-இல் ஒன்று, அதாவது ஓர் அணா. 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தபின் அதன் மதிப்பு 6.25 நயா பைசா. இந்தக் கணக்கைக் கணக்கு டீச்சரிடம் தள்ளிவிடுவது நல்ல தந்திரம், அவருக்கும் மாறுதலாக இருக்கும்.

தேதி வைப்பதில்தான் பெரிய பிழை நடக்கும். கல்யாணச் சீட்டில் "தாது வருஷம்" என்று மட்டும் இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் மொத்தம் 60, அவை சுற்றிச் சுற்றி வரும். முதல் பெயரான பிரபவ 1987-இல் தொடங்கியது. 60 கழித்தால் 1927, இன்னும் 60 கழித்தால் 1867. தாது பத்தாவது என்பதால் 1876, 1936, 1996 மூன்றும் தாதுதான். 1876-இல் தொடங்கிய பஞ்சத்துக்குத் தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் வந்தது இப்படித்தான். மூன்றில் எது என்பதை வேறு தடயம் சொல்லும். அணாக் கணக்கு இருந்தால் 1996 கழிந்தது. அஞ்சல்தலையில் விக்டோரியாவா, ஜார்ஜா என்று பார்த்தால் மிச்சமும் தெளியும். பர்மாவிலிருந்து வந்த உறையானால் இன்னும் எளிது: 1937 ஏப்ரல் 1-இல் பர்மா தனியாகப் பிரிந்தது, இந்தியத் தலைகளின் மேலேயே பர்மா என்று மேலச்சு போட்டுப் புழக்கத்துக்கு விட்டார்கள். இன்னொரு கண்ணி: தை, மாசி, பங்குனி என்று இருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். சித்திரபானு 1942 ஏப்ரலில் பிறக்கிறது, ஆனால் சித்திரபானு மாசி 1943-இல் வரும். மார்கழி இரண்டிலும் கால் வைத்திருக்கும். நாள் தெரியாவிட்டால் "1942–43" என்று எழுதுவதே நேர்மை.

மூன்றாவது கேள்வி

முதல் இரண்டு கேள்விக்கும் பிள்ளைகள் விரைவில் பழகிவிடுவார்கள். "இதில் இல்லாதவர் யார்?" என்பது ஒவ்வொரு முறையும் உழைப்பு கேட்கும். அதனாலேயே அது தேய்வதில்லை.

பத்தாம் வகுப்பில் உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் நடத்தும்போது பொருளாதாரப் பெருமந்தம் எங்கோ அமெரிக்காவில் நடந்த கதையாக நின்றுவிடும். ஒரு ஐந்தொகையை வைத்தால் அது ஊருக்குள் வந்துவிடும். 1852-க்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வடிநிலத்தில் நெல் விளைச்சல் பெருகியது. பயிருக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரும் பங்கு நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள். 1930-இல் நெல் விலை விழுந்ததும் கடன் திரும்பவில்லை, அதற்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காட்டைத் தொட்டது. இதைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேர், "அப்போ நல்ல லாபம்தானே சார்?" என்பார்கள். அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்: அந்த நிலத்தை உழுதவர் இந்த ஐந்தொகையில் எந்த வரியில் இருக்கிறார்? தேடிப் பார்ப்பார்கள். பற்று வரவில் ஒரு தொகையாக மட்டும் இருப்பார். 1942-இல் ஜப்பான் பர்மாவுக்குள் வந்தபோது நம்மவர்கள் ஏன் நடந்தே வர நேர்ந்தது, பர்மியர்களுக்கு ஏன் கோபம் இருந்தது என்ற இரண்டும் ஒரே தாளில் கிடைக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வகுப்பில் அந்தப் பெரிய வீட்டுப் பேரனும் இருப்பான், அதே வீட்டில் தண்ணீர் தூக்கியவர் பேத்தியும் இருப்பாள். பெயர், ஊர்ப்பிரிவு, சாதி தெரியும் வரிகளை மறைக்காமல் உள்ளூர்த் தாளைக் கொடுத்தால் பாடம் பத்து நிமிடத்தில் வேறு எங்கோ போய்விடும். பக்கத்து ஊர்த் தாளை எடுப்பது பாதுகாப்பு. வீட்டைப் பற்றிப் பேசும்போதும் பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல் என்று பட்டியல் போட்டுப் பெருமையில் நின்றுவிடாமல், கொத்தனார், ஆசாரி, சுண்ணாம்பு அரைத்தவர் கூலி கணக்கில் எங்கே என்று கேட்பது இதே முறைதான்.

1801 ஜூன் 16-இல் மருது சகோதரர்கள் ஆங்கிலேயருக்கு எதிராக வெளியிட்ட திருச்சிப் பிரகடனத்துக்கும் இதே மூன்று கேள்வி பொருந்தும். திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டினார்கள் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம், ஏன் அந்த இரண்டு சுவர், சிவகங்கையில் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் பதில் உடனே வராது. வரும்போது, அக்டோபர் 24-இல் பக்கத்துத் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டது வெறும் தேதியாக இருக்காது.

கயிறு, கோலமாவு, மற்றவை

காலக்கோட்டுக்குக் கயிறு இரண்டு வேண்டும். ஒன்று, ஆண்டுக்கு 1 செ.மீ.: கீழடியின் கி.மு. 580-லிருந்து இன்றுவரை 26 மீட்டர், நீள வராண்டாவில் கட்டலாம். இன்னொன்று, ஆண்டுக்கு 10 செ.மீ.: 1885 முதல் 1947 வரை 6.2 மீட்டர், வகுப்புச் சுவருக்குச் சரி. இரண்டையும் ஒரே கயிற்றில் போட்டால் விடுதலைப் போராட்டம் 62 செ.மீ.க்குள் நெருங்கி, நிகழ்ச்சி எழுதிய அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். நைலான் கயிறு வெயிலில் தொய்ந்து அளவு கெடும். தேங்காய் நார்க் கயிறே மேல். அட்டையைத் துணி கிளிப்பில் மாட்ட வேண்டும், குண்டூசி ஆடிக் காற்றுக்கு நிற்காது. கி.மு. 1-க்கு அடுத்து கி.பி. 1, நடுவில் சுழியம் ஆண்டு கிடையாது என்பதைக் கயிற்றில் முடிச்சுப் போட்டே காட்டலாம்.

கோலமாவில் வங்கக் கடல் வரைவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. 1 மீட்டருக்கு 500 கி.மீ. என்று வைத்தால் நாகப்பட்டினத்திலிருந்து ரங்கூன் சுமார் 3.8 மீட்டர், பினாங்கு சுமார் 4.7 மீட்டர். நடந்து பார்த்தவன் அவுட்லைன் மேப்பில் பினாங்கை ஒருபோதும் இலங்கைக்குப் பக்கத்தில் குறிக்க மாட்டான். காலை முதல் பாடவேளையில் போடுங்கள்; பதினொரு மணிக்கு மேல் தரை சுடும், வரைந்ததை எறும்பும் கோழியும் திருத்திவிடும்.

ஆத்தங்குடி டைல் பட்டறைக்கு அழைத்துப்போவது பொருளியலுக்கு நல்லது. கண்ணாடித் தட்டின்மேல் உலோக அச்சு, அதில் வண்ணக் கலவை, அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல், பிறகு ஈரச் சாந்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறல், சூளையே கிடையாது. 20 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே விடக் கூடாது, காலடியெல்லாம் கண்ணாடி. மூலப்பொருள் எங்கிருந்து, கூலி நாளுக்கா டைலுக்கா, விற்கும் விலை என்ன என்று மூன்று பத்தித் தாள் ஒன்று கையில் இல்லாவிட்டால் அது வெறும் சுற்றுலா.

பெரியவர்களிடம் பேட்டி எடுக்கச் சொன்னால் ஆண்டு கேட்க வேண்டாம். "காசு மாறுனதுக்கு முன்னாடியா, தனுஷ்கோடி புயலுக்குப் பிறகா?" என்று கேட்டால் 1957-க்கும் 1964-க்கும் எந்தப் பக்கம் என்று ஆச்சிகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 20 நிமிடத்துக்கு மேல் ரெக்கார்டிங் போனால் எழுத்தாக்க ஆள் கிடைக்காது.

1971-இல் ஆரன்சன் தொடங்கிய ஜிக்சா முறை, அதாவது பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்றைப் படித்துக் குழுவுக்குச் சொல்லும் முறை, பயிற்சிகளில் அடிக்கடி வரும். 40 பேர் வகுப்பில் இடம் மாறவே எட்டு நிமிடம் போகும். மெல்லக் கற்கும் பிள்ளைக்குக் கிடைத்த பகுதி குழுவுக்கே ஓட்டையாகும். வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஸ்மார்ட் போர்டு வரைபடத்துக்கு அருமை, மற்றபடி பெரிய டிவி.

பயிற்சியைப் பற்றி

2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. மணி நேரம் நிறைவதில் சிக்கல் இல்லை. வீடியோ ஓடும், வினாடி வினாவின் விடை வாட்ஸ்அப்பில் முந்திக்கொண்டு வரும், சான்றிதழ் இறங்கும். மேலிருந்து ஒருவர் கேட்டு, அவர் மாவட்டத்தில் சொல்லி, அங்கிருந்து ஒன்றியத்துக்கு வந்து சேரும்போது முறையின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். எதை எத்தனை நிமிடம் செய்ய வேண்டும் என்பது வழியிலேயே உதிர்ந்துவிடும்.

பலன் தந்த பயிற்சி வேறு மாதிரி. மூன்று பள்ளி ஆசிரியர்கள் ஒரே தாளை, ஒரே மூன்று கேள்வியோடு, ஒரே வாரத்தில் நடத்துவது. அடுத்த சி.ஆர்.சி. (குறுவள மைய) கூட்டத்துக்கு ஆளுக்குப் பத்து நோட்டு: நன்றாக எழுதியவர் மூன்று, நடுத்தரம் நான்கு, எழுதவே திணறியவர் மூன்று. நோட்டை நடுவில் வைத்துப் பேசினால் அரை மணியில் தெரிந்துவிடும், எந்தக் கேள்வியின் வாசகம் குழப்பியது என்று. "அப்போதைய சூழலை விவரி" என்றால் பாடப்புத்தகப் பத்தி அப்படியே வரும், "இதை எழுதியவருக்கு என்ன பயம் இருந்திருக்கும்?" என்றால் சொந்த வரி வரும்.

வகுப்பைப் பார்க்க வருபவர் ஆசிரியரைப் பார்க்க வேண்டாம். இருக்கைப் படம் ஒன்று வரைந்து, வாய் திறந்த பிள்ளைக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். அதற்குச் சமூக அறிவியல் ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை, பி.இ.டி. சார் போதும். முன்வரிசை நான்கு பேர்மேல் புள்ளி குவிந்திருப்பதைப் பார்த்தபின் யாரும் விளக்கம் சொல்லத் தேவையிராது.

பெட்டியைப் பராமரிப்பது

ஆறு தாள், ஒவ்வொன்றுக்கும் 16 படி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அடங்கும். லேமினேஷன் செய்யாதீர்கள்: ஜன்னல் ஓரம் பளபளக்கும், பென்சிலால் குறிக்க முடியாது. வருடக் கடைசியில் 16 என்பது 11 ஆகியிருக்கும், மூலப் படம் பென் டிரைவில் இருக்கட்டும். ஒரே தாளை இரண்டு ஆண்டுக்கு மேல் ஓட்டினால் அண்ணன் நோட்டிலிருந்து தம்பிக்கு விடை வந்துவிடும், "இல்லாதவர் யார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் "உழுதவர்!" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். அப்போது டின்னைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு அவர்களுடையதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.