கூரை நிறையச் சோலார், வீட்டில் கரண்ட் இல்லை: 8 இலட்சத்து 75 ஆயிரம் போச்சு

கொழும்பில் வீட்டுக்குச் சோலார் போட நினைக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். கொம்பனிப் பெயரைப் போட வேண்டாமென்று மனைவி தடுத்துவிட்டார். பேஸ்புக்கில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கிற, சோலார் பூட்டிக் கொடுக்கும் இடம். அவ்வளவுதான் சொல்வேன்.

வெள்ளவத்தையில் எங்களுடையது சின்ன வீடு. ஏசி இல்லை, ஹீற்றர் இல்லை, எல்லாம் எல்ஈடி பல்ப். மாதம் 80, 90 யூனிட்தான் போகும். பில்லைக் குறைக்கவென்று நாங்கள் சோலாருக்குப் போகவில்லை. அப்பாவுக்கு இழுப்பு. நெபுலைசர் இல்லாமல் சில இரவுகள் கழியாது. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது அவர் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வந்த பெடியன் நல்ல பணிவு. தேத்தண்ணி குடித்தார், கூரையில் ஏறி அளந்தார், அப்பாவின் மெஷினைத் திருப்பி எத்தனை வாட்ஸ் என்று தானே பார்த்து எழுதினார். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட கதை ஞாபகம் இருக்கும்தானே? அதையே பிடித்துக்கொண்டார். "ஐயா, பாணந்துறையில இன்னொரு குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டாலும் உங்கட மெஷின் ஓடும்" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர்க் காணி விற்ற காசில் 8 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா, முழுவதும் அப்படியே கைமாறியது. பற்றரி மட்டும் துறைமுகத்தில் நிற்கிறதாம், வந்ததும் பூட்டுவார்களாம்.

போன கிழமை மின்சார சபை லைன் வேலை. உச்சி வெயில் கூரையில் கொதிக்கிறது, கீழே ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை! தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். இன்வேர்ட்டர் என்பது சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. கோட்டேஷனில் பற்றரி கொழுவக்கூடிய ஹைபிரிட் இன்வேர்ட்டர் என்று இருக்கிறது, சுவரில் பூட்டியிருப்பதோ வெளி லைனை நம்பி ஓடும் வெறும் ஆன்-கிரிட். வெளியே லைனில் கரண்ட் இல்லையென்றால் அது தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷொக் அடிக்கக்கூடாதே. அதில் பிழையில்லை. ஆனால் பற்றரி நாளைக்கே வந்தாலும் இந்த இன்வேர்ட்டரில் கொழுவ முடியாது என்கிறார்.

கொம்பனிக்கு எடுத்தால், சேர் சைட்டில். பிறகு எடுத்தால் டெக்னிஷன் லீவு. அப்புறம் "மின்சார சபையிட்டக் கேளுங்கோ." ஒருவழியாக மனேஜர் கிடைத்தார். என்ன சொன்னார் தெரியுமா? "பகல்லதானே அண்ணா போனது, ஜன்னலைத் திறந்து விடுங்கோ." ஜன்னல் திறக்கவா 8 இலட்சத்து 75 ஆயிரம்? அந்தப் பெடியனுக்கு வாட்ஸ்அப் போட்டால் நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டுமென்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது ஆத்திரம்தான் வருகிறது. இன்வேர்ட்டரின் மொடல் நம்பரைக் கோட்டேஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றரி கண்ணால் காணும்வரை கடைசிப் பங்குக் காசைக் கொடுக்காதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்தி, ஃபேன் சுற்றுகிறதா என்று அவர்கள் முன்னாலேயே பாருங்கள். நாளை காலை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கப்போகிறேன். இதே மாதிரி மாட்டினவர்கள் கோட்டேஷனையும் ரசீதையும் எறியாமல் வைத்திருங்கள்.