ஏர் லாக்கரும் 4.56 கிரவுன்-பினியனும்: ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்கு ஒரு விமர்சனம்

31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 மாட்டியதும் வண்டி மேட்டில் திணறினால், இன்ஜினைக் குறை சொல்லாதீர்கள். டயர் சுமார் 13 சதவீதம் பெரிதாகிவிட்டது, ஆக்சிலின் 3.73 ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ட்ரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) இனி 3.30 போலத்தான் இழுக்கும். பழைய இழுவை வர 4.21 வேண்டும். அதன் அக்கம்பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை 4.10-ம் 4.56-ம். சரக்கோ ட்ரெய்லரோ இழுக்கிற வண்டி என்றால் யோசிக்காமல் 4.56. வெறும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 4.10 போதும்.

ஒரு விலை உண்டு. ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுழற்றும் சின்னது பினியன். 3.73-இல் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 11. 4.56-இல் அதே 41-க்கு 9 பல்தான். பினியன் தலை சிறுத்துவிடுகிறது, ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களும் குறைகின்றன. அதனால் தேவைக்கு மேல் ரேஷியோவை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே ரேஷியோவில் இருந்தே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால் இரு ஆக்சிலுக்கும் விசையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். பிடிப்பான தரையில் ஏதாவது ஒன்று உடையும்.

ஆக்சிலைத் திறக்கும்போதே லாக்கரையும் (இரு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) போட்டுவிடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. டானா 44 ரக ஆக்சிலில் 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 3.92-இலிருந்து மேலே வேறு கேரியர். தடிமனான கிரவுன் வாங்கிச் சமாளிக்காவிட்டால் எப்படியும் கேரியர் மாற்றியாக வேண்டும். அந்தப் பணத்தை ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஏர் லாக்கரில் போடுவது நல்ல கணக்கு. ஆர்டர் செய்யும்போது 3.92-உம் அதற்கு மேலும் என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதன் அருமை, பட்டனை அழுத்தும்வரை அது திருப்பத்தில் இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் சாதாரண டிஃபரன்ஷியல்தான் என்பது. அழுத்தினால் காற்று பிஸ்டனைத் தள்ளும், சைடு கியர் கேஸோடு பூட்டிக்கொள்ளும், இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். தானாகவே பூட்டித் திறக்கும் டெட்ராய்ட் லாக்கருக்குக் காற்றும் வேண்டாம் வயரும் வேண்டாம், உறுதியிலும் குறையில்லை. ஆனால் திருப்பங்களில் ‘டக்’கென்று விடும், காலிப் பிக்கப்பில் இது நன்றாகவே தெரியும். முழுதாகப் பூட்டாமல் பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைத் திருப்பும் ட்ரூட்ராக் சத்தமில்லாதது, முன் ஆக்சிலுக்கு இதமானது; ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பிரேக்கை லேசாக மிதித்தால்தான் உதவும். அதற்கு மினரல் ஆயில்தான், சிந்தெடிக் வேண்டாம்.

ஏர் லாக்கரின் பலவீனம் காற்றுப் பாதை. ஹவுசிங்கில் ஆயில் மட்டத்துக்கு மேலே 7/16 பிட்டால் துளையிட்டு, கால் அங்குல என்.பி.டி. டேப் (குழாய்க்கான மரை வெட்டும் கருவி) போட வேண்டும். பிட்டில் கிரீஸ் தடவினால் இரும்புத் தூள் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளும். செப்புக் குழாய் கிரவுனை உரசாமல் வளைந்து போகட்டும். லாக்கரைப் போட்டு வைத்திருக்கும்போது கம்ப்ரசர் அடிக்கடி ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. காற்றைத் திறந்து மூடும் சாலினாய்டு வால்வின் வாயில் ஆயில் துப்பினால் ஆயில் அதிகம், இல்லையேல் லாக்கருக்குள் காற்று நுழையும் சீல் ஹவுசிங்கின் ஓ-ரிங் போய்விட்டது.

இத்தனை நல்ல பாகங்களையும் வீணாக்குவது அவசர ஃபிட்டிங். கிரவுனின் சில பற்களில் பல் பதிவு காட்டும் மஞ்சள் நிற மார்க்கிங் பேஸ்ட் தடவி, எதிர்ப்புக் கொடுத்தபடி இரு பக்கமும் சுற்றுங்கள். பதிவு பல்லின் அடிப்பகுதியில் விழுந்தால் பினியன் ஆழம் அதிகம், மெல்லிய தகடான ஷிம்மைக் குறையுங்கள். நுனியில் விழுந்தால் சேருங்கள். நடுவில் வரும்வரை விடக்கூடாது. ஆழம் மாறினால் பேக்லாஷும் (பற்களுக்கிடையே உள்ள இடைவெளி) மாறும், டயல் கேஜ் வைத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலான செட்டுகளுக்கு 0.006 முதல் 0.010 அங்குலம், செட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி இறுக்கத்தை நிர்ணயிக்கும் கிரஷ் ஸ்லீவ் ஒரே தடவைக்குத்தான். பினியன் நட்டை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டால் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்லீவ்தான் போட வேண்டும். ப்ரீலோடை (அந்த பேரிங் இறுக்கம்) அங்குல-பவுண்டு ரெஞ்சால் அளக்காமல் கைப்பழக்கத்தில் விடும் மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கிரவுன் போல்ட்டுகள் புதிதாக, த்ரெட் லாக்கரோடு (மரை தளராமல் பிடிக்கும் பசை) போகட்டும்.

வேலை முடிந்ததும் 25, 30 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். இதைச் சில தடவை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்கு ட்ரெய்லர் வேண்டாம், அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதோ விடும்போதோ மட்டும் ஊளைச் சத்தம் வந்தால் பல் பதிவில் கோளாறு. எப்போதும் உறுமினால் பேரிங்.

ஸ்பீடோமீட்டர் சென்சார் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருந்தால், 4.56-க்குப் பிறகு மீட்டர் 100 காட்டும்போது வண்டி 92-இல்தான் ஓடும். திருத்திவிடுங்கள்.