ஸ்விஃப்ட் டீசல் (2011–17): உப்புக்காற்றில் ஓடிய வண்டிக்கு என்ன விலை சொல்லலாம்?

இன்ஜினைப் பொறுத்தவரை இன்றைக்கும் நல்ல வண்டி. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடும். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டதால் தேடி வருகிறவர்களும் உண்டு. ஆனால் பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்கள் பக்கம் ஓடிய வண்டி என்றால் விலையை முடிவு செய்வது அடித்தகடுதான்.

துரு மேலே தெரியாது. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகளை மணல் அடைத்துவிடும். உள்ளே தேங்கும் ஈரம் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழே உள்ள தகட்டிலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டண்’ என்று கேட்டால் சரி. ‘மொத்’தென்று கேட்டால் பட்டி பூசியிருக்கிறார்கள், காந்தமும் அங்கே பிடிக்காது. ஜாக்கி வைக்கும் இடமே அமுங்குகிறதா? எந்த விலைக்கும் வேண்டாம். தனுஷ்கோடி மணலில் இறக்கிய வண்டியையும், உப்பான போர்வெல் தண்ணீரில் கழுவிய வண்டியையும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். கூலன்ட்டுக்குப் பதில் அதே தண்ணீரை ஊற்றியிருந்தால் ரேடியேட்டரும் போச்சு.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்றால் டைமிங் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. கேஸ் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் கண்டென்சரில் கசிவு இருக்கும்.

விற்பவர்கள், மதுரையில் அதே வருட, அதே ஓனர் எண்ணிக்கையுள்ள துருப்பிடிக்காத வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். டிங்கரிடமும் மெக்கானிக்கிடமும் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி முழுசாகக் கழியுங்கள். வாங்குகிறவரின் அலைச்சலுக்கு அந்த எஸ்டிமேட்டில் கால் பங்கு இன்னும் கழியுங்கள். 3 லட்சம் போகும் வண்டிக்கு 40 ஆயிரம் வேலை இருந்தால் 2.5 லட்சம் நியாயமான விலை. துருப்பிடித்த இடங்களைப் படமெடுத்து எஸ்டிமேட்டோடு முதலிலேயே காட்டிவிடுங்கள். பார்ட்டி தானாகக் கண்டுபிடித்தால் இருக்கிற குறைக்கு மட்டுமல்ல, சந்தேகத்துக்கும் சேர்த்துக் குறைப்பார். பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு, அடுத்த மழைக்குள் கொப்புளித்துவிடும். பல்பு, வைப்பர், ஹாரன் மட்டும் மாற்றினால் போதும்.

லோன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி.யை, அதாவது லோன் அடமானப் பதிவை, நீக்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தாகாமல் சாவி கைமாறக் கூடாது. டெலிவரி நோட்டில் தேதி, நேரத்தோடு சொன்ன குறைகளையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது.