பெரிய வெள்ளிக் கையேடு: 64 பக்கங்கள், 40 ரூபாய்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று எங்கள் பங்கு ஆலய வாசலில் போட்டிருந்த நூல் மேசையில் இந்தக் கையேட்டை வாங்கினேன். முதல் பாதியில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் தியானிக்கும் சிலுவைப்பாதையும், இரண்டாம் பாதியில், அவர் சிலுவையில் இறந்ததை நினைவுகூரும் பெரிய வெள்ளி மாலை வழிபாட்டின் முழு வரிசையும் உள்ளன. மூட்டுவலியால் ஆலயத்துக்கு வர இயலாத என் தாயார், வீட்டிலிருந்தபடியே நேரலையைப் பார்த்து வழிபாட்டில் கலந்துகொள்ளத் துணையாக ஒரு நூல் தேவைப்பட்டது. தவக்கால வெள்ளிகளிலும், பெரிய வெள்ளியன்றும் அவரும் நானும் இதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் என்னைக் கவர்ந்தது முன்னுரை. பெரிய வெள்ளியன்று திருப்பலி (பூசை) இல்லை என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த இல்லாமையே அன்றைய வழிபாட்டின் மொழி என்பதை இந்த மூன்று பக்க முன்னுரை நிதானமாக விளக்குகிறது. பீடத்தில் துணியில்லை, மெழுகுதிரி இல்லை, சிலுவையும் இல்லை. வருகைப் பாடல் இல்லாமல் நுழையும் குரு ஒன்றும் பேசாமல் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். வழங்கப்படும் நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக ஏற்கப்படும் அப்பம்) முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டு திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் செய்த சீர்திருத்தத்துக்கு முன்பு இந்த வழிபாடு காலையிலேயே நடந்ததையும், மக்கள் அதில் நற்கருணை பெறும் வழக்கம் இல்லாதிருந்ததையும் நூல் குறிப்பிடுகிறது. என் தாயார் சிறுமியாக இருந்தபோது தம் பாட்டியிடம் கேட்ட கதைகளுக்கு விளக்கம் கிடைத்ததுபோல் அந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

வழிபாட்டுப் பகுதியின் அச்சமைப்பு மிகுந்த சிந்தனையுடன் செய்யப்பட்டிருக்கிறது. யோவான் நற்செய்தியின் 18, 19ஆம் அதிகாரங்களிலிருந்து திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, இயேசு தலை சாய்த்து உயிர்விடும் இடத்தில் அனைவரும் முழந்தாளிட்டு மௌனமாக இருப்பார்கள். வேறு கையேடுகளில் “சற்று மௌனம்” என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு சொற்கள் இருக்கும்; கண் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும். இங்கோ அந்த இடத்தில் முக்கால் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளைத் தாளுக்கு முன்னால் அடுத்த வரியைத் தேட வழியில்லை, நிற்கத்தான் வேண்டும். பல ஆண்டுகளாக அந்த வாசகத்தைக் கேட்டும், நான் அங்கே உண்மையாக நின்றது இந்த ஆண்டுதான்.

நோன்பைப் பற்றிய பக்கமும் பயனுள்ளது. ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் ஒருசந்திக் கடமை 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறைவடையாதவர்கள் வரைதான் என்றும், இறைச்சியைத் தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த அனைவருக்கும் உரியது என்றும் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். சர்க்கரை நோய் இருந்தும் முழு நாளும் பட்டினி கிடப்பேன் என்று பிடிவாதம் பிடித்த என் தாயாரை மதியம் கஞ்சி குடிக்க வைத்தது என் கெஞ்சல் அல்ல, இந்தப் பக்கம்.

சிலுவைப்பாதைப் பகுதி சுமார்தான். பதினான்கு நிலைகளுக்கும் (என் தாயார் இன்றும் ‘ஸ்தலம்’ என்றே சொல்வார்) உரிய சிந்தனைகள் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. மூன்று முறை கீழே விழுவதற்கும் ஏறத்தாழ ஒரே மன்றாட்டுத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க இயலாதது, இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிடப்படும் முதல் நிலையின் சிந்தனை. இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் அனைவரையும், அவர்களுடைய வழித்தோன்றல்களையும் குற்றவாளிகளாக்கும் ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. ஏதோ பழைய நூலிலிருந்து சிந்திக்காமல் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அன்று நடந்தவற்றுக்கான பழியை அக்காலத்து யூதர் எல்லார்மீதோ இக்காலத்து யூதர்மீதோ சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அதற்கும் முன்பே, 1959இல், திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறைகூறிய சொல்லை நீக்கினார். சிலுவையில் அறையச் சொல்லித் தீர்ப்பிட்டவர் உரோமை ஆளுநர் பிலாத்து. சிலுவையடியில் நின்ற அன்னை மரியாவோ யூதப் பெண். வேதனை என்னவென்றால், இதே கையேட்டின் பிற்பகுதியில் அன்றைய பத்துப் பொது மன்றாட்டுகளும் சரியாகவே அச்சாகியிருக்கின்றன. திருச்சபைக்காகத் தொடங்கி, கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காகவும், கடவுளையே நம்பாதவர்களுக்காகவும், ஆட்சியாளர்களுக்காகவும், துன்புறுவோருக்காகவும் முழந்தாளிடச் செய்யும் அந்த வரிசையில், இறைவன் முதன்முதலில் பேசிய மக்களாகிய யூதர்கள் தம் உடன்படிக்கையில் நிலைத்திருக்க வேண்டும் என்ற மன்றாட்டும் உண்டு. ஒரு பக்கத்தில் பழித்துவிட்டு மறு பக்கத்தில் அவர்களுக்காக முழந்தாளிட எப்படி முடியும்? யாரையும் வெளியே நிறுத்தாத அந்த மன்றாட்டுகள்தாம் பெரிய வெள்ளியின் இதயம் என்று நம்புகிறவன் நான். ஆகவே இதைச் சிறிய அச்சுப் பிழையாகக் கருத என் மனம் ஒப்பவில்லை. வெளியீட்டாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

தையல் உறுதியாக இருக்கிறது. ஒரு மாதத்துக்கும் மேலான புழக்கத்தில் ஒரு தாளும் கழன்று வரவில்லை. வழிபாட்டுப் பகுதிக்காகவே 40 ரூபாய் தகும் என்பது என் கருத்து. வீட்டில் முதியவர்களுக்கு வாங்கித் தருகிறவர்கள் முதல் நிலையின் பக்கத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எங்கள் பிரதியில் அந்த வாக்கியத்தின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, யூதர்களுக்கான அந்த மன்றாட்டைப் பெரிய எழுத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு என் தாயார் அதைத்தான் வாசிப்பார்.