உட்ஸ்டாக்கா, லைவ் எய்டா?

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்ற ஊரில், ஒரு பால் பண்ணை நிலத்தில் நடந்த இசை விழா உட்ஸ்டாக். சுமார் 4 லட்சம் பேர், மழை, சேறு, சாப்பாட்டுத் தட்டுப்பாடு. நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போய், கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறும்போது திங்கட்கிழமை காலை. பெரும்பாலானோர் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்குத்தான் அவர் கிதாரில் அமெரிக்க தேசிய கீதத்தை அலறவிட்டதைக் கேட்கும் யோகம்.

1985 ஜூலை 13 அன்று நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி நேர் எதிர். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளியிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில், கடிகாரத்தைப் பார்த்தபடி நடத்தினார்கள். குவீன் ராக் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம்; அதற்குள் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி அரங்கத்தையே கைக்குள் போட்டுக்கொண்டார்.

பாட்டுக்காக என்றால் என் ஓட்டு வெம்ப்ளிக்கு. ஆனால் பேரனிடம் உட்கார்ந்து கதை அளக்க? சேறுதான் சரி.